சவரக்கத்திக்கு ஒரு முடி

ஹூகோ லிண்டர் வீட்டில் சட்டம் போடுகிறவர் ஹூகோதான். இதை அவரே பல பேரிடம் சொல்லியிருக்கிறார். அந்த வருஷம் ஈஸ்டர் விடுமுறை முடிந்த காலையில், காப்பி மேசையில் உட்கார்ந்தபடி அவர் ஒரு புதுச் சட்டம் போட்டார். இந்த வீட்டில் இனி யார் தலையிலும் கத்தரிக்கோல் படக்கூடாது.

வீட்டில் இருந்தது இரண்டே பேர். அவரும் அவர் மனைவி அல்வீனாவும். ஹூகோவின் தலையில் கத்தரிக்க அதிகம் இல்லை. உச்சி முழுக்க வழுக்கை. இடது காதுக்கு மேலே மட்டும் ஒரு கொத்து வைக்கோல் நிற முடியை முழ நீளத்துக்கு வளர்த்து, அதை மேடு தாண்டி வலது காதுவரை கொண்டுபோய்ப் படியவைத்திருந்தார். பக்கத்து வீட்டுக்காரர்கள் அதைப் பாலம் என்று சொல்வார்கள், அவர் காதில் விழாதபடி. ஆகவே சட்டம் யாருக்காகப் போடப்பட்டது என்பதில் அல்வீனாவுக்குக் குழப்பம் வரவில்லை.

நடந்தது இதுதான். அல்வீனா காப்பி ஊற்றிக்கொண்டே, மழை வரும் போலிருக்கிறது என்று சொல்கிற குரலில், "நான் கிராப்பு வெட்டிக்கலாம்னு இருக்கேங்க" என்றாள். ஹூகோவின் கையிலிருந்த ரொட்டி காப்பிக்குள் விழுந்தது. அவருக்கு அதை எடுக்கத் தோன்றவில்லை.

"என்ன வெட்டிக்கிற?"

"கிராப்பு. காதுவரைக்கும். ஊர்ல பாதிப் பேர் வெட்டிக்கிட்டாங்க. பாஸ்டர் பொண்டாட்டியே வெட்டிக்கிட்டா."

"பாஸ்டர் சவரக்கத்தி தீட்டறாரா?"

கேள்வியில் நியாயம் இருந்தது. ஜெர்மனியில் கத்திக்குப் பேர்போன அந்த ஸோலிங்கன் ஊரில் ஒரு சவரக்கத்தி ஒரே கூரையின் கீழ் பிறப்பதில்லை. ஒருத்தர் இரும்பை அடிப்பார், ஒருத்தர் பதம் போடுவார். வுப்பர் ஆற்றங்கரைப் பட்டறையில் ஏவால்ட் என்கிற சாணைக்காரர், ஹூகோவின் பால்ய சிநேகிதர், கத்தியின் இரண்டு பக்கங்களையும் குழியாகக் குடைந்தெடுப்பார். முதுகு மட்டும் தடிமனாக நிற்கும். அதற்குக் கீழே தகடு காகிதமாகிவிடும். நகத்தால் சுண்டினால் பாடும். இன்னொரு வீட்டில் பிடி மாட்டுவார்கள். கடைசியில்தான் அது மேட்டுத் தெருவில் ஹூகோவின் ஜன்னலுக்கு வரும். முதுகும் வாயும் ஒன்றாகப் படும்படி மஞ்சள் கல்லின்மேல் படுக்கவைத்து, தண்ணீர் சொட்டவிட்டு, முன்னும் பின்னும் அவர் தீட்டுவார். பிறகு தோல்வாரில் இழுப்பார். அதுவரை அது வெறும் தகடு. ஹூகோ தொட்ட பிறகுதான் அது கத்தி. இதுவும் ஹூகோ சொன்னதுதான்.

தீட்டியது சரியா என்று பார்க்க ஒரே வழி முடி. ஒற்றை முடியை விரல் நுனியில் பிடித்துத் தொங்கவிட்டு, கத்தியின் வாய்மேல் இறக்க வேண்டும். சத்தமில்லாமல் துண்டாகி விழுந்தால் கத்தி, வேலை கொடுக்கிற கம்பெனிக்குப் போகும். வளைந்து நழுவினால் திரும்பக் கல்லுக்குப் போகும். தீட்டுகிறவர்கள் அவரவர் வீட்டு முடியை வைத்துக்கொள்வது ஊர் வழக்கம். ஹூகோவின் முடி அல்வீனாவின் தலையில் இருந்தது. அதுவும் வைக்கோல் நிறம்தான், ஆனால் முட்டிவரை நீளம், நல்ல தடிமன். கல்யாணமான நாளிலிருந்து ஹூகோ ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்தபடியே கையைப் பின்னால் நீட்டுவார். அல்வீனா அடுப்பை விட்டுவிட்டு வந்து தலையைக் குனிய வேண்டும். அவர் ஒன்றைப் பிடுங்குவார். பிடுங்கும்போது, "ஒரே ஒரு முடிதான். வலிக்காது" என்பார்.

"வலிக்குதுங்க" என்றாள் அல்வீனா அன்றைக்கு. மேசைத் துணியை நீவிவிட்டபடி அவள் மற்ற காரணங்களையும் சொன்னாள். தீட்டிய கத்திகளைக் கூடையில் வைத்துத் தலையில் சுமந்து கம்பெனிக்குக் கொண்டுபோகிறவளும் அவள்தான். கொண்டைமேல் சும்மாடு, சும்மாட்டின்மேல் கூடை, கூடைக்குள் ஊர் ஆண்களின் தாடைக்கெல்லாம் வேண்டிய இரும்பு. மேடு ஏறி இறங்குவதற்குள் கொண்டை ஊசியெல்லாம் மண்டைக்குள் இறங்கிவிடுகிறது. அலசினால் காய்வதற்குச் சனிக்கிழமை முழுக்க அடுப்பு முன்னால் உட்கார வேண்டியிருக்கிறது.

"ஒரு முடிக்கு என்ன வலி?" என்றார் ஹூகோ. மற்றது எதுவும் அவர் காதில் ஏறவில்லை.

"உங்க தலையில ஒண்ணு புடுங்கிப் பாருங்க."

"என் தலையில இருக்கறது அழகுக்கு. உன் தலையில இருக்கறது தொழில் சாமான். என் கல்லை யாராவது வெட்டினா சும்மா விடுவேனா? தோல்வாரை வெட்டினா விடுவேனா? இதுவும் அப்படித்தான். இந்தத் தலையில கத்தரிக்கோல் படக்கூடாது."

அல்வீனா கப்புகளை எடுத்து அடுக்கினாள். அழவில்லை, தட்டை உடைக்கவில்லை. அதுவே ஹூகோவுக்குக் கிலியாக இருந்தது. பிறகு அவள் சாந்தமாக ஒரு சமாதானம் பேசினாள். அவருக்கு வேண்டியது முடி, அவ்வளவுதானே? இனிமேல் அவர் பிடுங்க வேண்டாம். தினம் காலையில் அன்றைக்கு வேண்டிய முடியை அவளே ஒரு சாசரில் வைத்துக் கல்லுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்துவிடுவாள். அவர் அவள் தலையில் கைவைக்கக் கூடாது.

"வேலைக்கு முடி குறையாதே?" என்றார் ஹூகோ.

"நானிருக்கிற வரைக்கும் குறையாது."

ஹூகோ அன்று மாலை ஏவால்டுக்குப் பீர் வாங்கிக் கொடுத்து இதைச் சொன்னார். பெண்டாட்டியிடம் எப்படிப் பேச வேண்டும், எங்கே விட்டுக்கொடுக்க வேண்டும், எங்கே பிடியைத் தளர்த்தக் கூடாது என்று விளக்கினார். பெண்டாட்டியிடம் தினம் திட்டு வாங்கும் ஏவால்ட் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

சமாதானம் நன்றாகவே போயிற்று. காலையில் சாசர் வந்தது, சாசரில் முடி இருந்தது. வீட்டில் சண்டை இல்லை. சொல்லப்போனால் சாப்பாடுகூடத் தேவலாம் என்று ஆகிவிட்டது. எங்கிருந்தோ ஒரு புது வாஃபிள் அச்சு வந்து சேர்ந்தது. இதயம் இதயமாக வாஃபிள் சுட்டு, மேலே சூடான செர்ரியும் பாயசம் மாதிரி அரிசிக்கூழும் ஊற்றி ஞாயிற்றுக்கிழமைகளில் அல்வீனா பரிமாறினாள். அச்சு ஏது என்று ஹூகோ கேட்டதற்கு, ரெம்ஷைட் ஊரில் இருக்கிற அத்தைக்கு வேண்டாமாம் என்றாள். ஹூகோ அந்த அத்தையை வாழ்த்திக்கொண்டே நான்காவதைச் சாப்பிட்டார்.

இரண்டு வாரம் கழித்துத்தான் முதல் அதிர்ச்சி வந்தது. கத்தி வெட்டவில்லை.

ஹூகோ நன்றாகத்தான் தீட்டியிருந்தார். தோல்வாரில் இழுத்தார், சாசரிலிருந்து முடியை எடுத்துத் தொங்கவிட்டார், இறக்கினார். முடி சோம்பலாக வளைந்து, கத்தியின் கன்னத்தைத் தடவிவிட்டுக் கீழே போயிற்று. ஹூகோவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அடுத்த கத்தியை எடுத்தார். அதிலும் நழுவியது. அதற்கடுத்ததிலும் நழுவியது. இத்தனை வருஷத்தில் இப்படி நடந்ததில்லை. அவர் நேராக ஆற்றங்கரைக்கு இறங்கிப்போய், சாணைச் சக்கரத்தின் முன்னால் குனிந்து உட்கார்ந்து வேலை செய்துகொண்டிருந்த ஏவால்டைத் தோளைப் பிடித்து இழுத்தார்.

"என்னடா குடைஞ்சிருக்க? கத்தியா, கரண்டியா?"

ஏவால்ட் எழுந்து, கத்தியை நகத்தால் சுண்டிக் காதருகே வைத்துக் கேட்டார். அது அழகாகப் பாடியது.

"என் வேலை பாடுதுடா ஹூகோ. உன் வேலைதான் வாயைத் திறக்க மாட்டேங்குது. வயசாச்சு, கை நடுங்குதோ என்னவோ."

ஹூகோ மேடு ஏறி வீட்டுக்கு வரும்போது அந்த வார்த்தை கூடவே வந்தது. அன்று ராத்திரி அவர் சாப்பிடவில்லை. தீட்டுகிறவனுக்குக் கை போனால் என்ன மிச்சம்? அல்வீனாவிடம் சொல்லிப் புலம்பினார். முடிகூட முன்னைவிட மெலிந்திருக்கிற மாதிரி தெரிகிறதே என்று ஒரு சந்தேகத்தையும் போட்டார்.

"கூடை சுமந்தா முடியும் மெலியத்தான் செய்யும்" என்றாள் அல்வீனா. "நீங்க இன்னும் கொஞ்சம் பதமா தீட்டிப் பாருங்களேன். முன்னெல்லாம் அவசர அவசரமா இழுப்பீங்க."

வேறு வழியில்லாமல் அவர் பதமாகத் தீட்டினார். கல்லில் அழுத்துவதை விட்டார். கத்தியின் சொந்தக் கனத்திலேயே அதை ஓடவிட்டார். தண்ணீருக்குப் பதிலாகக் கடைசியில் சோப்பு நுரை வைத்துப் பார்த்தார். ஒரு கத்திக்கு ஆகிற நேரம் மூன்று கத்திக்கு ஆகிற நேரமாயிற்று. வெயில் காலம் முடிவதற்குள் முடி மறுபடி துண்டாகி விழ ஆரம்பித்தது. முன்பு விழுந்ததைவிட மெதுவாக, விழுந்ததே தெரியாமல் விழுந்தது. கம்பெனி முதலாளி டோர்னிடமிருந்து, லிண்டர் தீட்டிய கத்தி வந்தால் அது உசத்திச் சரக்கு, தனியாக வையுங்கள் என்று உத்தரவு போயிருப்பதாக அல்வீனா வந்து சொன்னாள். கை நடுங்குகிறது என்று சொன்ன ஏவால்டுக்கு ஹூகோ ஒரு வாரம் பீர் வாங்கிக் கொடுக்கவில்லை.

ஆனால் இரண்டாவது அதிர்ச்சி அதற்குள் தலைக்கு மேலேயே நடந்துகொண்டிருந்தது. பாலம் மெலிந்துகொண்டே வந்தது. முன்பு உச்சியில் பாய் விரித்த மாதிரி கிடந்தது, இப்போது ஓலைக்கீற்று அளவுக்கு ஆகிவிட்டது. கண்ணாடி முன்னால் நிற்கும்போது அவர் மிச்சமிருந்ததை எண்ணிப் பார்த்தார். கத்திக் கவலையில்தான் கொட்டுகிறது என்று அவரே முடிவு செய்தார். பிர்ச் மரத் தண்ணீர் ஒரு புட்டி வாங்கிவந்தார். முடி வளர ஊரே அதைத்தான் தேய்க்கும். தொப்பியை வீட்டுக்குள்ளும் கழற்றுவதை விட்டார்.

இந்த விஷயத்தில் அல்வீனா காட்டிய அக்கறையைப் பார்த்து ஹூகோவுக்குக் கண் கலங்கிவிட்டது. தினமும் சாயங்காலம் அவரை நாற்காலியில் உட்காரவைத்து, பிர்ச் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டு, விரல் நுனியால் அவளே தேய்த்துவிட்டாள். புட்டி காலியானால் ஞாபகமாக வாங்கி வைத்தாள். ஜலதோஷம் பிடித்தால் வேர் கெட்டுவிடும் என்று போர்த்திவிட்டாள். தான் கிராப்பு வெட்டிக்கொள்ள முடியாமல் போன கோபம் துளிகூட அவள் முகத்தில் இல்லை. இப்படிப்பட்டவளிடம் கடுமையாக நடந்துகொண்டோமே என்று அவருக்கு ஒரு நிமிஷம் உறுத்தியது. பிறகு, கடுமையாக இருந்ததால்தான் இப்படி இருக்கிறாள் என்று தேறிக்கொண்டார். குளிர் ஆரம்பித்தபோது அவருடைய நீளக் கம்பளிக் காலுறையில் ஒன்று காணாமல் போயிருந்தது. அதை மட்டும் அல்வீனாவால் கண்டுபிடித்துத் தர முடியவில்லை.

அந்தச் சமயத்தில்தான் முதலாளி டோர்ன் ஆள் அனுப்பினார். லைப்ஸிக் சந்தைக்கு ஒரு பெட்டி போகிறது. ஏழு கத்திகள், திங்கள் முதல் ஞாயிறுவரை முதுகில் கிழமை பொறித்தவை. அதைத் தீட்டுகிறவர் யாரோ அவரே இனிக் கம்பெனியின் தலைமைத் தீட்டுக்காரர். வடக்கு ஜன்னலோரம் சொந்த மேசை. மூன்று பேரை அழைத்திருந்தார். மூன்று பேரும் ஆளுக்கொரு கத்தி தீட்டி, வெள்ளிக்கிழமை காலை கம்பெனிக்குக் கொண்டுவர வேண்டும். ஹூகோவுக்குக் கிடைத்தது புதன்.

புதனை அவர் எப்படித் தீட்டினார் என்று சொல்லி முடியாது. கல்லோடு பேசினார். அல்வீனா அந்த வாரம் சாசரில் பொறுக்கி எடுத்த முடியாகவே வைத்தாள். புதன் வெட்டியது. வெட்டியதா இல்லையா என்று குனிந்து மேசையில் தேடிப் பார்த்துத்தான் அவருக்குத் தெரிந்தது. அந்த மேசை கிடைத்துவிட்டால், கை நடுங்குகிறது என்று இனி ஒரு பயல் சொல்ல முடியாது. அது மட்டும்தான் அவருக்கு வேண்டியிருந்தது.

வெள்ளிக்கிழமை காலை கம்பெனிக் கூடத்தில் நல்ல வெளிச்சம். மூன்று தீட்டுக்காரர்களும் ஞாயிற்றுக்கிழமைச் சட்டையில் நின்றார்கள். வேடிக்கை பார்க்க ஏவால்ட் வந்திருந்தார். அல்வீனா அன்றைய கூடையை இறக்கிவிட்டு, தலைத்துணியைத் தாடைக்குக் கீழே இறுக்கிக்கொண்டு வாசலருகே நின்றாள். டோர்ன் உயரமானவர், அதிகம் பேச மாட்டார். அவரவர் வீட்டு முடியில் அவரவர் கத்தியைச் சோதிக்க அவர் விடவில்லை. போன தடவை ஒருத்தர் பீர் வண்டிக் குதிரையின் வாலைக் கொண்டுவந்துவிட்டார். தடித்த முடியை மொட்டைக் கத்திகூட வெட்டும். ஆகவே மூன்று கத்திக்கும் ஒரே முடி. யாருடைய முடியை எடுக்கலாம் என்று அவர் கேட்டார்.

ஹூகோ நெஞ்சை நிமிர்த்தி முன்னால் வந்தார். அல்வீனா கட்டிக்கொடுத்த முடிப் பொட்டலத்தைப் பையிலிருந்து எடுத்து மேசையில் வைத்தார்.

"என் பெண்டாட்டி முடி. ஊருக்கே தெரியும்."

ஊருக்குத் தெரியும்தான். அல்வீனாவின் தடித்த பின்னலை மற்ற இரண்டு பேரும் கல்யாணக் காலத்திலிருந்து பார்த்தவர்கள். அதை வெட்டுவது எளிது என்று எண்ணி உடனே ஒப்புக்கொண்டார்கள்.

திங்கள் கத்தி வந்தது. டோர்ன் பொட்டலத்திலிருந்து ஒரு முடியை எடுத்துத் தொங்கவிட்டு இறக்கினார். முடி வளைந்து நழுவியது. இன்னொரு முறை இறக்கினார், மறுபடி நழுவியது. திங்களைத் தீட்டியவர் முகத்தில் ரத்தம் வற்றிவிட்டது. வெள்ளி கத்தி வந்தது. வெள்ளிக்கும் அதே கதி. பிறகு புதன். டோர்ன் முடியை இறக்கியவுடன் அவர் விரலில் பாதிதான் இருந்தது. மீதி எப்போது போயிற்று என்று யாருக்கும் தெரியவில்லை.

ஏவால்ட் கைதட்ட ஆரம்பித்து, வேறு யாரும் தட்டாததால் நிறுத்திக்கொண்டார். டோர்ன் மட்டும் கத்தியைப் பார்க்கவில்லை. விரலில் மிஞ்சிய பாதி முடியை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். லேசாக ஊதினார். அது புகை மாதிரி எழும்பி அலைந்தது.

"லிண்டர், இது பொம்பளை முடியா?"

"என் பெண்டாட்டி முடிங்க."

"நான் பார்த்ததிலேயே மெல்லிசான முடி இதுதான். சிலந்தி நூல் இதைவிடத் தடியா இருக்கும்."

திங்களைத் தீட்டியவருக்கு உயிர் வந்தது. இது ஏதோ தில்லுமுல்லு, இந்தப் பொட்டலத்தில் இருப்பது மனுஷ முடியே இல்லை, தன் கத்திக்கு மட்டும் வெட்டுப்படுகிற மாதிரி லிண்டர் ஏதோ செய்து எடுத்து வந்திருக்கிறார் என்று அவர் சத்தம் போட்டார். வெள்ளியைத் தீட்டியவரும் சேர்ந்துகொண்டார். ஹூகோவுக்கு இடி விழுந்தது போல ஆயிற்று. மோசக்காரன் என்று சொல்கிறார்கள், அதுவும் முதலாளி முன்னால். டோர்ன் கையை உயர்த்தி அடக்கினார். விஷயம் சுலபம், அந்த அம்மாவின் தலையிலிருந்து இப்போதே ஒரு முடி எடுத்துப் பார்த்துவிடலாம் என்றார்.

எல்லோரும் வாசல் பக்கம் திரும்பினார்கள். அல்வீனா தலைத்துணியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"வேண்டாம் முதலாளி" என்றாள்.

"ஏன் வேண்டாம்? அவிழ் அல்வீனா" என்றார் ஹூகோ. அவர் குரல் கூடத்தின் மறுகோடிவரை கேட்டது. "என் வீட்டுல ஒளிவு மறைவு கிடையாது. ஊரே பார்க்கட்டும்."

"என்னங்க, யோசிச்சுச் சொல்லுங்க."

"அவிழ்னா அவிழ்."

வீட்டில் சட்டம் போடுகிறவர் அவர்தானே? அல்வீனா முடிச்சை அவிழ்த்தாள். துணி விலகியதும் அதற்குள்ளிருந்து முதலில் விழுந்தது ஒரு சுருட்டிய கம்பளிக் காலுறை. கொண்டை இருக்க வேண்டிய இடத்தில் அதுதான் இத்தனை நாளாகக் கொண்டையாக இருந்திருக்கிறது. அது தரையில் உருண்டு வந்து ஹூகோவின் பூட்ஸ் பக்கத்தில் நின்றது. அவர் அதைப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து மனைவியைப் பார்த்தார். காதுவரை ஒழுங்காக வெட்டி, கழுத்துப் பின்புறம் சுத்தமாகச் சிரைத்த கிராப்பு. அவளுக்கு அது நன்றாகவே இருந்தது. ஆறு மாதமாகத் தன் பெண்டாட்டியின் தலையை அவர் ஒருதரம்கூடப் பார்த்திருக்கவில்லை.

பகலில் தலைத்துணி, ராத்திரி தூங்கும் குல்லா, ஞாயிறு சர்ச்சுக்குக் காதுவரை இறங்குகிற தொப்பி. அவருக்கு ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது.

"எப்போ?" என்றார்.

"சட்டம் போட்டீங்களே, அதுக்கடுத்த திங்கக்கிழமை. நீங்களும் ஏவால்டும் பீர் குடிக்கப் போனப்ப."

"அந்தப் பின்னல்?"

"முடிக்கடைக்காரர் எடுத்துக்கிட்டு வாஃபிள் அச்சு கொடுத்தார்."

ஹூகோவின் வயிற்றுக்குள் ஆறு மாதத்து வாஃபிள்கள் அத்தனையும் ஒரே நேரத்தில் புரண்டன.

"பார்த்தீங்களா?" என்று திங்களைத் தீட்டியவர் மறுபடி கூவினார். தலையில் முடியே இல்லை, அப்படியானால் பொட்டலத்தில் இருப்பது பித்தலாட்டம், லிண்டரை வெளியே அனுப்புங்கள் என்றார். டோர்னின் முகம் இறுகிவிட்டது. அந்த அம்மாவின் முடி இல்லையென்றால் இது யாருடைய முடி, இப்போதே தெரிய வேண்டும் என்றார். தெரியாவிட்டால் புதன் செல்லாது, லிண்டருக்கு இனிக் கம்பெனியிலிருந்து ஒரு கத்தியும் வராது.

ஹூகோவுக்கே தெரியவில்லையே. அவர் அல்வீனாவைப் பார்த்த பார்வையில் அதட்டல் இல்லை, கெஞ்சல்தான் இருந்தது. கல்யாணமானதிலிருந்து அவள் அதைப் பார்த்தது அன்றைக்குத்தான். அவளுக்கே பாவமாகிவிட்டது.

அவள் கூடத்தின் நடுவே நடந்து வந்தாள். ஹூகோவுக்கு முன்னால் நின்று, அவர் தொப்பியை எடுத்தாள். ஓலைக்கீற்று அளவுப் பாலம் வெளிச்சத்தில் தெரிந்தது. யாரோ செருமினார்கள். அல்வீனா இடது காதுக்கு மேலே தேடி, ஒன்றைப் பிடித்து, வெடுக்கென்று இழுத்து டோர்னிடம் நீட்டினாள்.

டோர்ன் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஊதிப் பார்த்தார். அலைந்தது. புதன்மேல் இறக்கினார். துண்டாயிற்று. திங்கள்மேல் இறக்கினார். நழுவியது.

"அதே முடிதான்" என்றார்.

"முதல்ல இவர் சீப்புல இருந்து எடுத்தேன், அப்புறம் தலையணையில இருந்து" என்றாள் அல்வீனா, எல்லோருக்கும் பொதுவாக. "போதல. அதுக்கப்புறம் இவர் குறட்டை விடறப்ப இவர் தீட்டின கத்தியாலயே ஒண்ணு ரெண்டு எடுத்தேன். முதலாளி, என் முடி தடியான முடி. இவர் எப்படித் தீட்டினாலும் அது வெட்டுப்பட்டுக்கிட்டு இருந்தது. இவர் முடியில வெட்ட ஆரம்பிச்சப்புறம்தான் இவருக்குத் தீட்டவே வந்தது."

கூடமே சிரித்தது. ஏவால்ட் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். டோர்ன் சிரிக்கவில்லை, ஆனால் அவர் மீசை ஒரு பக்கம் ஏறியது. லைப்ஸிக் பெட்டி லிண்டருக்கு என்றார். வடக்கு ஜன்னல் மேசையும் லிண்டருக்கு. ஹூகோவுக்குக் காதில் விழுந்தது, உள்ளே போகவில்லை. அவர் இன்னும் தரையில் கிடந்த காலுறையையே பார்த்துக்கொண்டிருந்தார். டோர்ன் அவர் தோளில் தட்டி, ஒரு நிபந்தனை இருப்பதாகச் சொன்னார். கம்பெனியில் இனி எல்லாக் கத்திக்கும் சோதனை இந்த முடியில்தான். எவ்வளவு நாளைக்கு வரும் என்று அல்வீனாவிடம் கேட்டார்.

"தினம் பிர்ச் தண்ணி தேய்ச்சு வளர்த்துக்கிட்டுதான் வர்றேன்" என்றாள் அவள். "சிக்கனமா எடுத்தா வரும். ஆனா எனக்குக் கூடை தூக்க நேரமிருக்காது."

கூடையைக் கம்பெனி வண்டி எடுத்துக்கொள்ளும், முடிக்கு அவளே பொறுப்பு, தீட்டுமேசைக்குப் பின்னால் அவளுக்கு ஒரு நாற்காலி போடச் சொல்கிறேன் என்றார் டோர்ன். ஹூகோவுக்கு அப்போதுதான் பேச்சு வந்தது.

"முதலாளி, இது என் தலைங்க. நான் மொட்டை அடிச்சுக்குவேன், என்ன வேணா பண்ணிக்குவேன்."

டோர்ன் அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"இந்தத் தலையில கத்தரிக்கோல் படக்கூடாது லிண்டர். இது தொழில் சாமான்."

ஹூகோ சட்டென்று அல்வீனாவைப் பார்த்தார். இந்த வார்த்தையை அவள்தான் சொல்லிக்கொடுத்தாளோ என்று சந்தேகம். அவள் குனிந்து காலுறையை எடுத்துத் தூசி தட்டிக்கொண்டிருந்தாள்.

திங்கட்கிழமை வடக்கு ஜன்னலில் வெளிச்சம் அருமையாக இருந்தது. ஹூகோ புது மேசையில் உட்கார்ந்து, லைப்ஸிக் பெட்டியின் முதல் கத்தியைக் கல்லில் ஓட்டி, தோல்வாரில் இழுத்தார். கைக்கு ஒரு குறையும் இல்லை. பழக்க தோஷத்தில், திரும்பிப் பார்க்காமல் கையைப் பின்னால் நீட்டினார். கையில் ஒன்றும் வரவில்லை. தலையிலிருந்து தொப்பிதான் போயிற்று.

"குனியுங்க" என்றாள் அல்வீனா. "ஒரே ஒரு முடிதான். வலிக்காது."

வலித்தது.